ஒரு ஆள் கம்பெனிக்கு இன்னொரு ஆள்

ஒரு ஆள் கம்பெனி தொடங்கவும் இரண்டு ஆள் வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொரு நாளாக இருந்தால் வந்திருக்கும். அன்று காலையிலிருந்து ஓர் ஓட்டலின் புகைக்குழாய்க்குள் படுத்துக் கிடந்து எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிவிட்டு, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு நேராக அங்கே வந்திருந்தேன். கழுத்து ஒரு பக்கம் இழுத்தது, முதுகு இன்னொரு பக்கம் இழுத்தது. நாற்காலியில் உட்கார்ந்ததே பெரிய சுகமாக இருந்தது. அவர் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்றுதான் வந்தேன். அந்த மனுஷன் என்னைத் தலையாட்டவே விடவில்லை.

என் தொழிலைச் சொன்னால் பலருக்குப் புரியாது. பெரிய சமையலறைகளில் அடுப்புக்கு மேலே ஒரு தகரக் கூடு இருக்கும். அதிலிருந்து சதுரமான குழாய் ஒன்று கூரைக்குள் புகுந்து, வளைந்து வளைந்து மொட்டைமாடி வரை போகும். அடுப்பிலிருந்து கிளம்புகிற புகை அதன் வழியாக வெளியே போய்விடும். அதிலிருக்கும் எண்ணெய் போகாது. குழாயின் உட்புறம் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் என்றைக்காவது ஒரு நாள் அடுப்புத் தீ எட்டி அதைப் பிடிக்கும், பிடித்தால் கட்டடமே போய்விடும். நான் உள்ளே ஊர்ந்து போய் அதைச் சுரண்டி எடுக்கிறவள். என் ஒல்லி உடம்பால் கிடைத்த ஒரே பிரயோஜனம் அது. சமையல்காரர்கள் என்னை ‘சிம்னி அக்கா’ என்பார்கள். நரைத்த தலையும் தொப்பையுமாக இருக்கிறவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவும் தெம்பு வேண்டும் அல்லவா?

இந்தத் தொழிலில் நானே முதலாளி, நானே வேலைக்காரி. வாளியைத் தூக்குவதும் நான், பில் எழுதுவதும் நான். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் ஆஸ்பத்திரி சமையலறை மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசும் வரை ஓடியது. அந்த ஆஸ்பத்திரிதான் என் பெரிய வாடிக்கை. அது போனால் மற்றதெல்லாம் சில்லறை.

“இனிமே தனி ஆளுக்கு வேல குடுக்கக் கூடாதுன்னு மேலருந்து சொல்லிட்டாங்கம்மா,” என்றார் அவர். “கம்பெனியா பதிவு பண்ணிட்டு வந்துடுங்க. மாசக் கடைசிக்குள்ள.”

“கம்பெனின்னு போர்டு மாட்டினா மட்டும் குழாய்க்குள்ள வேற யாராவதா சார் போகப் போறாங்க? அப்பவும் நான்தானே?”

“எனக்குப் புரியுது. பேப்பருக்குப் புரியணுமே.”

அதனால்தான் ஆடிட்டர். செருப்புக் கடைக்கு மேல்மாடியில், கயிறு கட்டிய ஃபைல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே ஓடிய மின்விசிறியின் இறக்கைகளில் தூசி கறுப்பாகப் படிந்திருந்தது. தொழில் புத்தி, என் கண் முதலில் அங்கேதான் போனது. அவர் எதையும் வெறும் வாயால் சொல்கிற ஆள் இல்லை, மேசைமேல் இருப்பதை நகர்த்தி நகர்த்தித்தான் சொல்வார். காகிதத்தில் ஓட்டை போடுகிற மெஷினை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இது நீங்க,” என்றார். ஸ்டேப்ளரை அதன் முதுகின்மேல் ஏற்றி வைத்தார். “இது உங்க தொழில். இப்ப இப்படித்தான் இருக்கீங்க. நீங்க வேற, தொழில் வேற இல்ல. லாபம் வந்தாலும் உங்களுக்கு, கேஸ் வந்தாலும் உங்களுக்கு.”

“என்மேல யாரு சார் கேஸ் போடப் போறாங்க?”

“நீங்க சுத்தம் பண்ணிட்டுப் போன கிச்சன்ல தீப்பிடிச்சா?”

எனக்குத் தாடி அண்ணனின் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருக்கிறவர். அவர் வேலை முடித்துவிட்டுப் போன ஒரு பேக்கரி எரிந்துபோனது. அது அவர் தப்பா, பேக்கரிக்காரன் தப்பா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அது தெரிவதற்குள் அவர் வீடு கைமாறிவிட்டது. மனுஷன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, இப்போது ஒரு பெரிய கம்பெனியில் சம்பளத்துக்குச் சுரண்டுகிறார்.

“உங்க வீடு யார் பேர்ல இருக்கு?” என்றார் ஆடிட்டர்.

“அப்பா அம்மா வீடு. என் பேர்லயும் தங்கச்சி பேர்லயும் இருக்கு.”

“பாகம் பிரிச்சாச்சா?”

“முன்ரூம் எனக்கு, பின்ரூம் அவளுக்கு.”

“அது நீங்களா வச்சுக்கிட்டது. பேப்பர்ல?”

“பேப்பர்ல ஒண்ணும் பண்ணல.”

“அப்ப உங்க பங்கக் குடுன்னு ஒருத்தன் வந்து நின்னா, முன்ரூம மட்டும் பேத்து எடுத்துட்டுப் போக மாட்டான். மொத்த வீட்டுலயும் கை வைப்பான். உங்க தங்கச்சிக்கும் நிம்மதி போச்சு.”

யாருக்கும் பாரமில்லாமல் பிழைக்கிறேன் என்று இத்தனை வருஷமாக எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. ஒருத்தரிடமும் கை நீட்டியதில்லை, ஒருத்தரையும் துணைக்குக் கூப்பிட்டதில்லை. கடைசியில் பார்த்தால், ஒவ்வொரு குழாய்க்குள்ளும் நான் நுழைந்தபோதெல்லாம் என் தங்கை தலைக்கு மேலிருக்கும் கூரையைப் பணயம் வைத்துவிட்டு நுழைந்திருக்கிறேன். அவளுக்கு அது தெரியாது. எனக்கே அப்போதுதான் தெரியும்.

“அப்ப என்ன சார் பண்றது?”

அவர் கால்குலேட்டரைக் கொண்டுவந்து ஓட்டை மெஷின் பக்கத்தில் வைத்தார். “கூட்டுத் தொழில் பண்ணலாம். ஆனா உங்களோட சேந்து கூட்டாளி தலையும் உருளும். அதனால அது வேணாம்.” கால்குலேட்டர் போய்விட்டது. பிறகு ஸ்டேப்ளரை இறக்கித் தள்ளி வைத்து, நடுவில் பேனா ஸ்டாண்டை நட்டார். “ஒரு ஆள் கம்பெனின்னு ஒண்ணு இருக்கு. கம்பெனி அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம். நீங்களா எதுக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாத வரைக்கும், கேஸ் வந்தாலும் கம்பெனியோட நின்னுடும். வீட்டுப் படி ஏறாது.”

“அதையே போட்டுடுங்க சார்.”

“ஒரு நாமினி வேணும். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா கம்பெனிய ஏத்துக்கறேன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டுத் தரணும்.”

“ஒரு ஆள் கம்பெனின்னுதானே சொன்னீங்க?”

“ஒரு ஆள்தான். ஆனா அந்த ஒரு ஆளும் போயிட்டா கம்பெனி அநாதையாயிடக் கூடாது பாருங்க.”

ஒரு ஸ்டேப்ளருக்காகச் சட்டம் இவ்வளவு கவலைப்படுகிறதே என்று இருந்தது. ஓட்டை மெஷினைப் பற்றி அது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் தங்கை கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். பவர் பார்த்து முடித்தவர்களின் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி ஃபிரேமை வளைத்துப் பொருத்துகிற வேலை. பல வருஷத்துக்கு முன்னால் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தாள். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. பின்ரூமைக் காலி செய்து கொடுத்தேன். அவளும் என்னிடம் எதையும் கேட்க மாட்டாள். காலையில் அவள் ஒரு பக்கம் போவாள், நான் ஒரு பக்கம் போவேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது தண்ணி வந்ததா, பால் வாங்கியாச்சா, அவ்வளவுதான் பேச்சு. அக்கா தங்கை என்றால் சண்டை வரும் என்பார்கள். எங்களுக்கு வந்ததே இல்லை. அதை நான் எங்கள் பெருமை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். என் வேலைத் துணிகள் எப்போதும் தனி அடுக்கு. எத்தனை அலசினாலும் அந்த எண்ணெய் வாடை போகாது. நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரியைச் சொன்னேன், தீயைச் சொன்னேன், வீட்டையும் மறைக்காமல் சொன்னேன். வீட்டைச் சொன்னதும் குதிப்பாள் என்று பயந்தேன். அவள் ஒரு தலையணை உறையை நிதானமாக நான்காக மடித்து வைத்தாள்.

“நாமினின்னா எனக்கு எப்ப வேல வரும்?” என்று கேட்டாள்.

“உனக்கு ஒரு வேலயும் இல்ல. எனக்கு ஏதாவது ஆனாத்தான்.”

“செத்தா.”

“ஆமா, செத்தா. சும்மா ஒரு பேருக்குடி. கையெழுத்துப் போட்டுட்டு மறந்துடு.”

“போட மாட்டேன்.”

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் முகத்தில் விளையாட்டு இல்லை.

“ஏய், வீட்டக் காப்பாத்தத்தான் இத்தனையும் பண்றேன். உன் கூரைக்கும் சேத்துத்தான்.”

“கூரை போனா வாடகைக்குப் பாத்துக்கலாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“எனக்கு ஆஸ்பத்திரி வேல போயிடும்.”

“போகட்டும்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அலுப்பில் வருகிற கோபத்துக்கு அளவு கிடையாது. இந்த வேலை உனக்குக் கேவலமாக இருக்கிறதா, வாடை அடிக்கிறதா, உன் கடையில் அக்கா என்ன செய்கிறாள் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறதா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் கையிலிருந்த துணியை அப்படியே கீழே வைத்தாள்.

“நீ உயிரோட இருக்கறப்ப எனக்கு அதுல ஒரு எடமும் இல்ல,” என்றாள். “எங்க போறன்னு தெரியாது. எந்தக் கட்டடம், எந்தக் குழாய், எப்ப வெளிய வருவன்னு தெரியாது. ராத்திரி கதவு சத்தம் கேட்டாத்தான் இன்னிக்கு நீ வந்துட்டன்னு தெரியும். ஒரு நாள் கேக்கலன்னா நான் எந்தத் தெருவுல போய் உன்னத் தேடறது? இதெல்லாம் எனக்குச் சொல்ல மாட்ட. செத்தப்புறம் மட்டும் வந்து வாளியத் தூக்கிக்கோன்னு சொல்ற.”

“நீதான் ஒரு நாளும் கேட்டதில்லையே!”

“நீ கேட்டியா? ஒரு பெட்டியத் தூக்கிட்டு வந்து நின்னேன். ஏன்டி வந்தன்னு ஒரு வார்த்த கேட்டியா?”

“கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்...”

“கேப்ப, கேப்பன்னு ஒரு வருஷம் பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா. அப்புறம், இந்த வீட்டுல கேக்கக் கூடாது போலன்னு நானும் விட்டுட்டேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு பின்ரூமுக்குப் போனாள். என்னுடைய அடுக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டு, பாதியில் திரும்பி வந்து அதைக் கட்டிலில் வைத்தாள். அதன்பிறகு பல நாள் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். பால் வாங்கியாச்சா என்கிற பேச்சும் நின்றுபோனது.

எனக்கும் வீம்பு. நாமினிதானே, நீ இல்லாவிட்டால் இன்னொருத்தர் என்று தாடி அண்ணனைத் தேடிக்கொண்டு போனேன். ஒரு கல்யாண மண்டபச் சமையலறைக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கம்பெனி கொடுத்த சட்டையில் முதுகுப் பக்கம் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர். தாடி மட்டும் அவருடையது. நான் சொன்னதை முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

“எங்க போடணும்?” என்றார்.

“படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கண்ணா.”

“எங்கிட்ட எடுக்க இனிமே என்னம்மா இருக்கு, படிச்சுப் பாக்க?” காகிதத்தை என் வண்டி சீட்டின்மேல் வைத்துக் கிறுக்கினார். “நீ போயிட்டா உன் சுரண்டி, பிரஷ் எல்லாம் எனக்கா?”

“எல்லாம் உங்களுக்குத்தான்.”

“அந்த நீளக் கைப்பிடி சுரண்டி நல்லாருக்கும். பத்திரமா வச்சுக்க.” சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டே கேட்டார். “ஏம்மா, தங்கச்சி ஒண்ணு இருக்குமே உனக்கு?”

“அவ போட மாட்டாளாம்.”

“அப்படியா?” மிச்ச டீயைக் குடித்து முடித்தார். “என் பொண்டாட்டி எங்க நீட்டினாலும் போடுவா. பேங்க்காரன் வந்தான், போட்டா. வக்கீல் வந்தான், போட்டா. இது எதுக்குங்கன்னு அவ ஒரு தடவ கேட்டிருந்தா, நானும் ஒரு தடவ யோசிச்சிருப்பேன்.”

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி பக்கத்திலேயே நின்றேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும், வரவில்லை. என் சாவை ஒருத்தர் டீ குடிக்கிற நேரத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை, நல்ல மனுஷன். ஆனால் இதே சாவுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று என் வீட்டில் ஒருத்தி மல்லுக்கு நிற்கிறாள். காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

ஆடிட்டரிடம் போய்க் காகிதத்தைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“இவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“தெரிஞ்சவர்.”

“தெரிஞ்சவர்னா?”

“ஒரே தொழில். எப்பவாவது பாத்துக்குவோம்.”

“தப்பு ஒண்ணும் இல்ல. யார வேணா போடலாம்.” பேனாவை எடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிவைத்தார். “தங்கச்சி ஒத்துக்கலையா?”

எனக்கு அன்று யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. கணக்கு மட்டுமே கேட்டுப் பழகிய மனுஷனிடம் துணி மடித்ததிலிருந்து டீ கிளாஸ் வரை கொட்டினேன். அவர் நடுவில் இரண்டு ஃபோன்களை எடுக்காமல் விட்டார்.

“நானும் எத்தனையோ நாமினி பாத்துட்டேன்,” என்றார். “செத்தா எனக்கு என்ன கெடைக்கும்னுதான் கேப்பாங்க. நீ உயிரோட இருக்கறப்ப எனக்கு என்னன்னு யாரும் கேட்டதில்ல.” பேனா ஸ்டாண்டை அப்படியே விட்டுவிட்டு, ஓட்டை மெஷின் பக்கத்தில் மறுபடியும் கால்குலேட்டரைக் கொண்டுவந்து வைத்தார். “அப்ப ஒரு ஆள் கம்பெனி உங்களுக்கு ஒத்து வராது. ரெண்டு பேர் கம்பெனி போடுங்க. கூட்டுத் தொழில் மாதிரி தலை உருளாது. ரெண்டு பேரும் போட்ட பணத்தோட சரி, வீடும் தப்பிச்சுடும். நாமினியும் வேணாம்.”

“இத ஏன் சார் மொதல்லயே சொல்லல?”

“நீங்கதானே வந்ததும் வராததுமா ‘நான் தனி ஆள், நான் தனி ஆள்’னு சொன்னீங்க. அதுவும் இல்லாம இதுல ரோதன ஜாஸ்தி. வருஷா வருஷம் நீங்க ரெண்டு பேரும் கூட்டம் போடணும். யாரு என்ன பேசினாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கணும்.”

பால் வாங்கியாச்சா, வாங்கியாச்சு. கையெழுத்து, கையெழுத்து. எங்கள் கூட்டத்தை நினைத்துப் பார்த்தேன். அத்தனை அலுப்பிலும் எனக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

தாடி அண்ணனின் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை. காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வயசாகிறது என்று அன்றுதான் கவனித்தேன். நானும் எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“நாமினி வேணாம்,” என்றேன். “செத்தப்புறம் ஒண்ணும் வர வேணாம். இப்பவே வா. ரெண்டு பேர் கம்பெனி.”

அவள் காலைப் பிடிப்பதை நிறுத்தவில்லை. “அதுல எனக்கு என்ன வேல?”

“தெரியல.”

“கையெழுத்து மட்டும்னா நான் வரல.”

“வேற என்ன வேணும் உனக்கு?”

“உங்கிட்ட கேட்டா சொல்ல மாட்ட. அந்த ஆடிட்டர்கிட்டயே கேட்டுக்கறேன்.” செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். “சாப்பிட்டியா?”

“இல்ல.”

“கைய கழுவிட்டு வா.”

மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள், நான் வேலைத் துணியோடு வந்தேன். செருப்புக் கடை மாடிப்படியில் அவள் முன்னாலும் நான் பின்னாலும் ஏறினோம். உள்ளே போனதும் அவள் கண் மின்விசிறிப் பக்கம் போகவில்லை. ஆடிட்டரின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், அது ஒரு பக்கமா எறங்கியிருக்கு. உங்களுக்குத் தல வலிக்குமே?”

“ஆமாம்மா, சாயங்காலமானா மண்ட பொளக்குது.”

“குடுங்க.” வாங்கி, கையாலேயே காம்பை லேசாக வளைத்து, ஊதித் துடைத்துக் கொடுத்தாள். அவர் போட்டுப் பார்த்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் வேலை செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கம்பெனிக்குப் பெயர் கேட்டார். நான் யோசித்து எழுதிக்கொண்டு போன நல்ல பெயர்களெல்லாம் ஏற்கெனவே யாரோ வாங்கியிருந்தார்கள். யாருக்கும் வேண்டாத பெயராக ஒன்று கிடைத்தது, அதைப் போட்டுக்கொண்டோம். அடுத்தது பங்கு.

“பாதிப் பாதி போட்டுடுங்க சார்,” என்றேன்.

“எனக்குப் பாதி வேணாம்,” என்றாள் தங்கை. “குழாய்க்குள்ள போறது அவ. எனக்கு ஒரே ஒரு பங்கு போதும். மிச்சமெல்லாம் அவளுக்கே எழுதுங்க.”

“ஏய், என்னடி இது?”

“இரு.” ஆடிட்டர் பக்கம் திரும்பினாள். “சார், ஒரே ஒரு பங்கு இருந்தாலும் கம்பெனியில கேள்வி கேக்கலாமா?”

“தாராளமா கேக்கலாம்.”

“கேட்டா பதில் சொல்லணுமா?”

“சொல்லித்தான் ஆகணும். நீங்க பங்குதாரர் ஆச்சே.” அவர் சட்டப்படி ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்ன தெரியணும், கேளுங்க.”

அவள் நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

“நாளைக்கு எங்க வேல?” என்றாள்.

எத்தனையோ வருஷமாக இருட்டில் தனியாக ஊர்ந்து பழகிய என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆடிட்டர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதையோ தேடுகிறவர் மாதிரி ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

“ஆஸ்பத்திரி,” என்றேன். “பெரிய சமையலறை. மதியச் சாப்பாடு முடிஞ்சதும் உள்ள போவேன்.”

“எந்த வாசல்?”

“பின்வாசல். லாண்டரிக்குப் பக்கத்துல.”

“எத்தன மணிக்கு வெளிய வருவ?”

“சொல்ல முடியாதுடி. பிசுக்கப் பொறுத்தது.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“வெளிய வந்ததும் ஃபோன் பண்றேன்.”

அவள் ஆடிட்டரிடம் கையை நீட்டிப் பேனாவை வாங்கி, எங்கே போட வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டாள்.